அப்பாவின் காதுக்கு விலை கேட்கும் முன்

பிரித்தானியாவில் முதிய பெற்றோரைக் கவனித்துக்கொண்டிருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு,



வடமேற்கு லண்டனில் செவிப்புலன் கிளினிக்குகளுக்கு வரும் நம் முதியவர்களுக்கு மொழிபெயர்ப்பவள் நான். வைத்தியர் இல்லை, கருவி விற்பவளும் இல்லை. பரிசோதிப்பவர் சொல்வதை அம்மாவுக்கும், அம்மா சொல்வதைப் பரிசோதிப்பவருக்கும் கொண்டுசேர்ப்பது என் வேலை. இரண்டு பக்கமும் சொல்லாமல் விடுவதும் என் காதில் விழுகிறது. அதில் ஒரு விடயத்தை உங்களிடம் நேரே சொல்ல வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

உங்களில் பலர் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி. "என்.எச்.எஸ். தாறதை எடுக்கிறதோ, காசு குடுத்து வெளியிலை வாங்கிறதோ?" நான் வாய் திறக்கும் முன்பே விடையும் உங்களிடமிருந்தே வந்துவிடுகிறது. "சும்மா தாறது எப்பிடி நல்லாயிருக்கும்? அப்பாவுக்கு நல்லதா ஒண்டு வாங்கிக் குடுப்பம்."

அந்த விடைக்குப் பின்னால் இருப்பது அன்பு. ஊரில் அவர்களைத் தனியே விட்டுவிட்டு இங்கே வந்து உழைத்த காலம், இரண்டு வேலைகளுக்கு நடுவே கொடுக்க முடியாமல் போன நேரம், இவற்றை இப்போதாவது ஈடுசெய்ய வேண்டும் என்ற தவிப்பு. அந்தத் தவிப்பை நான் மதிக்கிறேன். மதிப்பதால்தான், அது தவறான இடத்தில் செலவாவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலில் என்.எச்.எஸ். கருவியை எடுங்கள். அதைச் சரியாகப் பொருத்துவியுங்கள். இரண்டு மூன்று மாதம் ஒவ்வொரு நாளும் போட வையுங்கள். அதன் பிறகும் இன்னது குறைகிறது என்று உங்களால் தெளிவாகச் சொல்ல முடிந்தால், அந்தக் குறையைத் தீர்க்கத் தனியாரிடம் போங்கள். இந்த ஒழுங்கை மாற்றிச் செய்த குடும்பங்களில் பல, ஆயிரக்கணக்கான பவுண்களைக் கொடுத்துவிட்டு, கருவி இலாச்சிக்குள் கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

இலவசமாகக் கிடைப்பது என்ன என்பதைக் கொஞ்சம் அறிந்துகொள்வோம். 1948 ஜூலையில் என்.எச்.எஸ். தொடங்கியபோதே காதுக் கருவியும் அதனுடன் சேர்ந்து வந்தது. 'மெட்ரெஸ்கோ' என்று பெயர். மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் குழு ஒன்று வடிவமைத்த, உடம்பில் கட்டிக்கொள்ளும் பெட்டி அது. 1951 இல் மூக்குக் கண்ணாடிக்கும் பொய்ப்பல்லுக்கும் கட்டணம் கொண்டுவந்தார்கள். அதை எதிர்த்து, என்.எச்.எஸ்.ஸை உருவாக்கிய அமைச்சர் அனியூரின் பெவன் பதவியை விட்டே விலகினார். அப்போதும் காதுக் கருவிக்குக் கட்டணம் வரவில்லை, இன்றும் இல்லை. 2000 ஆம் ஆண்டில் செவிப்புலன் சேவையை நவீனமாக்கும் திட்டம் தொடங்கி, சில ஆண்டுகளிலேயே இங்கிலாந்து முழுவதும் டிஜிட்டல் கருவிகள் வந்துவிட்டன. எழுபதுகளில் இங்கே வந்த ஒருவர் கண்ட பெரிய, கீச்சிடும் கருவியை மனதில் வைத்துக்கொண்டு இன்றைய கருவியை எடைபோட வேண்டாம்.

இன்றைய கருவிகளைச் செய்பவர்கள் யார்? உலகச் சந்தையின் பெரும்பகுதி சில நிறுவனங்களின் கையில் இருக்கிறது: சுவிற்சர்லாந்தின் சொனோவா, டென்மார்க்கின் டிமான்ற், ஜி.என்., டபிள்யூ.எஸ். ஓடியோலொஜி, அமெரிக்காவின் ஸ்ரார்க்கி. தனியார் கடையில் நீங்கள் பார்க்கும் ஃபோனாக், ஓட்டிகொன், ரிசவுண்ட் எல்லாம் இவர்களுடையவை. என்.எச்.எஸ். கொடுக்கும் கருவிகளும் இவர்களிடமிருந்தே வருகின்றன. 'டானலொஜிக்' என்ற பெயரில் என்.எச்.எஸ்.ஸில் கிடைப்பது ஜி.என். நிறுவனத்தின் கருவி. இவ்வளவு பெரிய சேவை மொத்தமாக வாங்கும்போது விலை குறைகிறது. விலை குறைந்ததால் சரக்கு மட்டம் என்று ஆகிவிடாது.

தனியாரிடம் ஒரு காதுக்கு ஏறத்தாழ 500 பவுண் முதல் 3,500 பவுண் வரை, சில வேளை அதற்கு மேலும் கேட்பார்கள். அந்த விலைப் படிகளில் ஏற ஏறக் கேட்பதும் கூடிக்கொண்டே போகுமா? அமெரிக்காவின் மெம்பிஸ் பல்கலைக்கழகத்தில் ரொபின் கொக்ஸும் அவருடன் சேர்ந்தவர்களும் இதை நேரடியாகச் சோதித்தார்கள். ஒரே நிறுவனத்தின் விலை கூடிய கருவியையும் அடிப்படைக் கருவியையும் அதே முதியவர்களுக்கு மாறி மாறிப் பொருத்தி, அன்றாட வாழ்வில் பயன்படுத்த விட்டார்கள். 2014 இலும் 2016 இலும் முடிவுகள் வெளிவந்தன. இரண்டு வகைக் கருவிகளும் உதவின. விலை கூடியது கூடுதலாக உதவியது என்று சொல்லத்தக்க வித்தியாசம் கிடைக்கவில்லை. அந்தச் சோதனையில் எல்லாக் கருவிகளையும் கவனமாக, முறைப்படி பொருத்தியிருந்தார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். விடயம் அங்கேதான் இருக்கிறது.

வயதோடு வரும் செவிக் குறைவில் முதலில் போவது பெரும்பாலும் உயர்ந்த அதிர்வெண் ஒலிகள். உயிரெழுத்துகளின் ஓசை தாழ்ந்த பக்கத்தில் இருக்கிறது. சொல்லைச் சொல்லாக்கும் பல மெய்யொலிகள் உயர்ந்த பக்கத்தில் இருக்கின்றன. அதனால்தான் அப்பாவுக்கு நீங்கள் கதைப்பது கேட்கிறது, என்ன கதைத்தீர்கள் என்பது விளங்குவதில்லை. "கத்தாதை, தெளிவாச் சொல்லு" என்று அவர் சொல்வது உண்மையான முறைப்பாடு. ஆகவே எல்லாவற்றையும் ஒரே அளவில் உரக்க ஒலிக்கச் செய்யும் கருவியால் பயனில்லை. எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு என்பதை அவருடைய காதுக்கென்று அளந்து கொடுக்க வேண்டும்.

அதை அளக்க ஒரு முறை இருக்கிறது. கருவி காதில் இருக்கும்போதே, மெல்லிய மென்குழாய் ஒன்றைக் காதுத் துவாரத்துக்குள் விட்டு, செவிப்பறைக்கு அருகே ஒலி எவ்வளவு வருகிறது என்று கணினியில் பார்ப்பார்கள். ஒவ்வொருவர் காதுத் துவாரமும் வேறு வேறு வடிவம். கணினி ஊகித்துப் போட்ட அளவும் காதுக்குள் உண்மையில் வரும் அளவும் பொருந்தாமல் போவது வழமை. ஆங்கிலத்தில் 'ரியல் இயர் மெஷர்மென்ற்' என்று கேட்டால் விளங்கும். என்.எச்.எஸ். கிளினிக்கானாலும் தனியார் கடையானாலும் உங்கள் முதல் கேள்வி இதுவாகவே இருக்கட்டும். இது செய்யாத மூவாயிரம் பவுண் கருவியைவிட, இது செய்த இலவசக் கருவி மேல்.

அடுத்தது, திரும்பிப் போவது. முதல் நாள் பொருத்திய அளவு பலருக்குச் சரிவராது. தேசிய மருத்துவ வழிகாட்டல் அமைப்பான நைஸ் 2018 இல் வெளியிட்ட வழிகாட்டலில், கருவி பொருத்தி 6 முதல் 12 வாரங்களுக்குள் மீண்டும் சந்திக்க வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. இரண்டு காதிலும் குறைவு இருந்தால் இரண்டு கருவிகள் கொடுக்க வேண்டும் என்றும் இருக்கிறது. "ஒண்டு காணும் பிள்ளை" என்று நம்மவர்கள் தாமாகவே விட்டுக்கொடுத்துவிடுவார்கள். விட விடாதீர்கள். சத்தமுள்ள இடத்தில் பேச்சைப் பிரித்தெடுக்கவும், குரல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அறியவும் இரண்டு காதும் வேண்டும்.

பரிசோதனை அறையில் நான் காணும் வேறு சில விடயங்களும் உண்டு. பீப் சத்தம் கேட்டதும் பொத்தானை அழுத்தும் சோதனைக்கு ஆங்கிலம் தேவையில்லை; எந்த மொழிக்காரரும் செய்யலாம். ஆனால் அதற்கு முன்னும் பின்னும் நடக்கும் பேச்சுக்கு மொழி வேண்டும். என்.எச்.எஸ்.ஸில் மொழிபெயர்ப்பாளர் இலவசம். சந்திப்பைப் பதியும்போதே "தமிழ்" என்று சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் நீங்களே மொழிபெயர்த்தால் என்ன நடக்கிறது தெரியுமா? பரிசோதிப்பவர் "எங்கே கேட்கக் கஷ்டம்?" என்று அம்மாவைக் கேட்கிறார். அம்மா "எல்லாம் கேக்குது" என்கிறார். நீங்கள் "டிவியை ஆகக் கூட்டி வைக்கிறா" என்கிறீர்கள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். பேரப்பிள்ளையின் பேச்சு விளங்கவில்லை, தொலைபேசியில் தங்கச்சியின் குரல் பிடிபடவில்லை என்பதெல்லாம் சொல்லப்படாமலே போய்விடுகிறது. கருவியை அவற்றுக்காகத்தான் சரிசெய்ய வேண்டும். அம்மாவுக்கு என்ன கேட்க வேண்டும் என்பதை அவர் வாயாலேயே சொல்ல விடுங்கள்.

கோயிலுக்கும் கச்சேரிக்கும் போகிறவர்கள் என்றால் அதையும் அங்கே சொல்லுங்கள். கருவியின் கீச்சொலியை அடக்கும் பகுதி, நீண்டு ஒலிக்கும் ஒரே சுரத்தைக் கீச்சொலி என்று எடுத்துக்கொண்டு அதையும் அடக்கப் பார்க்கும். நாதஸ்வரமும் தம்புராவும் புல்லாங்குழலும் அப்போது நடுங்கியோ சிதைந்தோ கேட்கும். "மெஷின் போட்டால் சாமி கும்பிடவே விருப்பமில்லை" என்று ஒரு ஐயா சொன்னதற்குக் காரணம் இதுதான். இசைக்கென்று தனி அமைப்பு ஒன்றைச் சேர்க்கலாம். பல என்.எச்.எஸ். கருவிகளிலும் அது முடியும். கேட்டால் செய்வார்கள், நாதஸ்வரம் அவர்கள் காதில் விழுந்திராததால் தாமாகச் செய்யமாட்டார்கள்.

தனியாரிடம் போவதற்கு நியாயமான காரணங்களும் இருக்கின்றன. அவற்றையும் நேர்மையாகச் சொல்கிறேன். என்.எச்.எஸ். பெரும்பாலும் கொடுப்பது காதுக்குப் பின்னால் வைக்கும் வகை. காதுத் துவாரத்துக்குள்ளே மறையும் வகையே வேண்டும் என்றால், அது பெரும்பாலும் தனியாரிடமே கிடைக்கும். மின்னேற்றிப் பயன்படுத்தும் வகை சில என்.எச்.எஸ். கிளினிக்குகளில் உண்டு, பலவற்றில் இல்லை. மூட்டுவாதத்தால் விரல் மடங்கிய அம்மாவுக்கு, பொட்டளவு பற்றரியை மாற்றுவது பெரும்பாடு. அவருக்கு அது உண்மையான காரணம். சில பகுதிகளில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. வீட்டுக்கே வந்து பொருத்துவது, மாலையிலும் சனிக்கிழமையிலும் சந்திப்பது, ஒரே ஆளிடம் தொடர்ந்து போவது ஆகியவற்றுக்கும் பெறுமதி உண்டு. இன்னும் வேலைக்குப் போய்க் கூட்டங்களில் உட்காரும் ஒருவருக்குப் புதிய வசதிகள் சில பயன்படலாம். என்ன காரணம் என்று தெரிந்து கொடுக்கும் காசு வீணாகாது.

அப்படிப் போவதென்றால், விற்பவர் ஹெல்த் அண்ட் கெயர் புரொஃபஷன்ஸ் கவுன்சிலின் பதிவேட்டில் இருக்கிறாரா என்று பாருங்கள். தனியாக விற்பவருக்கு அந்தப் பதிவு கட்டாயம். கருவிக்கு எவ்வளவு, பின்னர் கிடைக்கும் சேவைக்கு எவ்வளவு, அந்தச் சேவை எத்தனை வருடத்துக்கு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். பிடிக்காவிட்டால் எத்தனை நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம், முழுக் காசும் வருமா என்பதையும் எழுத்தில் கேளுங்கள். வேறு கிளினிக்கில் அந்தக் கருவியை மாற்றியமைக்க முடியுமா என்றும் கேளுங்கள். சில கருவிகளை விற்ற கடையின் மென்பொருளால் மட்டுமே தொட முடியும். அந்தக் கடை மூடப்பட்டாலோ நீங்கள் இடம் மாறினாலோ கருவி அநாதையாகிவிடும். தனியாரிடம் வாங்கியதைப் பொதுவாக என்.எச்.எஸ். கிளினிக் சரிசெய்து தராது. அதேவேளை, தனியாரிடம் வாங்கியதால் உங்கள் அப்பாவின் என்.எச்.எஸ். உரிமை பறிபோவதும் இல்லை. இரண்டையும் வைத்திருக்கலாம்.

அவசரப்படுத்தும் எவரிடமும் அன்றே கையெழுத்து வைக்காதீர்கள். "காது கேக்காட்டி மறதி நோய் வரும்" என்று ஒரு கடையில் சொன்னதைக் கேட்டு, அழுதுகொண்டே கடனட்டையை நீட்டிய மகளை எனக்குத் தெரியும். இதில் உண்மையும் இருக்கிறது, மிகைப்படுத்தலும் இருக்கிறது. லான்செற் இதழின் ஆணைக்குழு 2017 முதல் தன் அறிக்கைகளில், தணிக்கக்கூடிய மறதிநோய்க் காரணிகளில் ஒன்றாகச் செவிக் குறைவைச் சேர்த்திருக்கிறது. 2023 இல் வெளியான அமெரிக்காவின் 'அச்சீவ்' ஆய்வில், பங்கேற்ற எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது மூன்று ஆண்டுகளில் காதுக் கருவியால் நினைவாற்றலில் வித்தியாசம் தெரியவில்லை. ஏற்கெனவே ஆபத்துக் கூடியிருந்த பிரிவினரில் மட்டும் தேய்வு மெதுவானது. ஆகவே காதைக் கவனிக்க இதுவும் ஒரு காரணம். விலை கூடிய கருவியை வாங்க இது காரணமாகாது.

இனி, பணத்தைவிட முக்கியமானது. விலை கூடிய கருவியை நம் வீடுகளில் பலர் தாலிக்கொடி போல நடத்துகிறார்கள். கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் எடுத்துப் போட்டுவிட்டு, மற்ற நாளெல்லாம் பூட்டி வைக்கிறார்கள். "இவ்வளவு காசு குடுத்துப் பிள்ளை வாங்கினது, துலைஞ்சால்?" என்ற பயம். சரிவரக் கேட்காவிட்டாலும் பிள்ளையின் மனம் நோகும் என்று சொல்லமாட்டார்கள். மூளைக்கு இழந்த ஒலிகளோடு மீண்டும் பழக வாரங்கள், மாதங்கள் வேண்டும். முதல் நாட்களில் தண்ணீர்க் குழாயும் தட்டு முட்டுச் சாமானும் தன் சொந்தக் குரலும்கூடக் கூச்சலாக இருக்கும். தினமும் போட்டால்தான் அது அடங்கும். திருவிழாவுக்கு மட்டும் போடுகிறவருக்கு ஒவ்வொரு முறையும் முதல் நாள்தான். அச்சமின்றி அன்றாடம் போடக்கூடிய கருவியே நல்ல கருவி. கிளினிக் கடனாகத் தந்து, பற்றரியும் பழுதுபார்ப்பும் இலவசமாகச் செய்துதரும் கருவிக்கு இந்த அனுகூலம் பெரியது. தொலைத்தால் சில இடங்களில் ஒரு தொகை கேட்பார்கள், ஆயிரக்கணக்கில் வராது.

பராமரிப்பு உங்கள் கையில். காதுக்குள் பொருந்தும் அச்சிலுள்ள மென்குழாய் சில மாதங்களில் இறுகிப்போகும், மாற்ற வேண்டும். குழாயில் குறும்பி அடைத்தால் கருவி ஊமையாகிவிடும். "பழுதாப் போச்சு" என்று தூக்கிப் போட்டவற்றில் பல இப்படி அடைபட்டவையே. காதில் குறும்பி நிறைந்திருந்தால் பரிசோதனையே செய்ய முடியாது. பல ஜி.பி. நிலையங்கள் இப்போது குறும்பி எடுப்பதில்லை. சந்திப்பு நாளுக்கு முன்பே விசாரித்து வையுங்கள். ஊரில் சில மாதம் தங்கப் போகிறவர்களுக்குப் பற்றரிகளை முன்கூட்டிக் கேட்டு வாங்குங்கள், ஈரம் உறிஞ்சும் சிறு டப்பா ஒன்றையும் கொடுத்து அனுப்புங்கள். யாழ்ப்பாண வியர்வையும் ஈரக்காற்றும் கருவிக்கு ஆகாது.

தொடங்குவது எளிது. ஜி.பி.யிடம் சொல்லுங்கள், பல பகுதிகளில் ஜி.பி. இல்லாமல் நேரடியாகவே செவிப்புலன் சேவைக்குப் பதியலாம். சில பகுதிகளில் தெருவிலுள்ள மூக்குக் கண்ணாடிக் கடையிலேயே என்.எச்.எஸ். ஒப்பந்தத்தில் இலவசக் கருவி கொடுக்கிறார்கள். அங்கே உள்ளே போனதும் "என்.எச்.எஸ். சந்திப்புக்கு வந்திருக்கிறோம்" என்று முதலிலேயே சொல்லுங்கள். வருகை விசாவில் வந்திருக்கும் பெற்றோருக்கு இந்தச் சேவை பொதுவாக இலவசம் இல்லை. அவர்கள் விடயத்தில் முதலில் கட்டணத்தைக் கேட்டறியுங்கள். ஒன்றை மட்டும் தள்ளிப்போட வேண்டாம்: ஓரிரு நாளில் திடீரென்று காது கேட்காமல் போனால் அன்றே வைத்திய உதவி தேடுங்கள். ஒரு பக்கக் காது மட்டும் குறைவது, காதிலிருந்து சீழ் வடிவது, தலைசுற்றுடன் கேட்காமல் போவது எல்லாம் முதலில் வைத்தியர் பார்க்க வேண்டியவை. கருவிக் கடைக்கு உரியவை இல்லை.

கடைசியாக, உங்களில் கோயில் நிர்வாகத்திலும் தமிழ்ப் பள்ளியிலும் ஊர்ச் சங்கத்திலும் பொறுப்பில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் மண்டபத்தில் 'லூப்' எனும் தூண்டல் வளையம் ஒன்றைப் பொருத்துங்கள். அதற்கான அமைப்புச் செயற்படுத்தப்பட்ட கருவி அணிந்தவருக்கு ஒலிவாங்கியின் குரல் இரைச்சல் இல்லாமல் நேரே காதுக்கு வந்துசேரும். மாதம் ஒரு முறை, கருவி வைத்திருக்கும் முதியவர்கள் கூடி, குழாய் துடைக்கவும் பற்றரி மாற்றவும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்க இடம் கொடுங்கள். கூட்டத்தின் முன்னே கருவியோடு உட்காரும் ஒரு பெரியவரைக் கண்டால், பத்துப் பேர் தங்கள் கருவியை இலாச்சியிலிருந்து எடுப்பார்கள்.

பிள்ளைகளே, கருவிக்கென்று சேர்த்து வைத்த அந்த ஆயிரக்கணக்கான பவுண்களை இப்போதைக்கு அப்படியே வைத்திருங்கள். அதற்குப் பதில் வேலையில் இரண்டு அரைநாள் விடுப்பு எடுங்கள்: பொருத்தும் நாளுக்கு ஒன்று, திரும்பிப் போய் அளவைச் சரிசெய்யும் நாளுக்கு ஒன்று. இந்த வாரமே ஜி.பி.க்கு அழையுங்கள். சந்திப்பைப் பதியும்போது தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். நாங்கள் வருவோம்.

அன்புடன்,
ஹரோவிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளர்